என்னிடம் எல்லோரும் தமிழ் என்றார்கள்

மதிய உணவு மணி அடித்ததும் இப்போதெல்லாம் நான் வகுப்பறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுகிறேன். பள்ளியின் பின்பக்கம், கைகழுவும் குழாய்களுக்கு எதிரே, ஒரு சிமென்ட் மேடை இருக்கிறது. ஒன்பது வருடம் நானும் கன்னடப் பிரிவு ஆசிரியரும் அதில்தான் சாப்பிட்டோம். அவரை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குக் காரணம் நான். சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன், சரிப்பட்டு வரவில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன். அரசுப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தபோது, உத்தனப்பள்ளியில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஒரு ஊரைக் கொடுத்தார்கள். குடியிருப்பது ஓசூரை ஒட்டிய மத்திகிரியில், மாட்டுப்பண்ணைக்குப் பக்கத்தில், மாடியில் ஒற்றை அறை. கீழே ஹவுஸ் ஓனர் அம்மாவின் குடும்பம். பக்கத்து அறைகளில் ஷிப்டுக்குப் போகிறவர்கள். ஒருவர் வரும்போது இன்னொருவர் போவார். யாருக்கும் யார் முகமும் தெரியாது, செருப்புதான் தெரியும். மனைவிக்கு ஊரிலேயே கூட்டுறவு வங்கியில் வேலை, மகளுக்கு அங்கேயே கல்லூரி. வருடா வருடம் மாறுதல் கலந்தாய்வுக்குப் போவேன். வருடா வருடம் எனக்கு முன்னால் இருக்கிறவரோடு தெற்கத்தி இடங்கள் தீர்ந்துபோகும். திரும்பி வந்து பூட்டைத் திறப்பேன். உள்ளே நான் காலையில் விட்டுப்போன டம்ளர் விட்ட இடத்திலேயே இருக்கும். அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஒரு டம்ளர்மேல் என்ன கோபம் என்று கேட்டால் பதில் கிடையாது.

கன்னட ஆசிரியர் உள்ளூர்க்காரர், தேன்கனிக்கோட்டைப் பக்கம். என்னைவிட எட்டு வயது மூத்தவர். கன்னடக்காரர்கள் வாத்தியாரை மேஷ்ட்ரு என்பார்கள் என்று வந்த புதிதில் ஹவுஸ் ஓனர் அம்மா சொன்னார்கள். நான் அவரை "மேஷ்ட்ரே" என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் என்னைக் கடைசிவரை "சார்" என்றே கூப்பிட்டார். முதல் மாதம் நான் மெஸ் பார்சல் எலுமிச்சைச் சோற்றைப் பிரித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறார். மறுநாள் முதல் அவர் டப்பாவில் இரண்டு களி உருண்டைகள் வந்தன. "எங்க வீட்ல கணக்கு தெரியாம ரெண்டு உருட்டிட்டாங்க சார்" என்றார். ஒன்பது வருடம் அந்த வீட்டில் யாருக்கும் கணக்கு தெரியவில்லை.

சாப்பிடும்போது அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. பழைய சேலம் ஜில்லா. வெள்ளைக்கார ராஜ்யத்தில் யாரோ ஒரு அதிகாரி எழுதிய ஜில்லா கையேட்டிலிருந்து சில பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பையிலேயே வைத்திருப்பார். மைசூர் எல்லையிலிருந்து காவிரிக் கரைவரை ஒரே ஜில்லா. அதை மூன்றாகப் பிரித்திருந்தார்கள் என்பார். மலைக்கு மேலே பாலாகாட், அதில் நம் ஓசூர். நடுவில் பாராமகால், அதில் கிருஷ்ணகிரி. கீழே தலகாட். அப்புறம் தாலுக்கா, பிர்க்கா, ஊர். ஒவ்வொரு தாலுக்காவிலும் எந்தெந்த ஜனம், எந்தெந்த பாஷை என்று அட்டவணை. ஒக்கலிகர், ரெட்டிகள், குரும்பர், லிங்காயத்துகள், மராட்டியர், இருளர், முசல்மான்கள் என்று வரிசையாகப் போகும். ஓசூர் தாலுக்காவில் தெலுங்கு முதலில், கன்னடம் அடுத்து, தமிழ் அதற்கும் பின்னால். அந்த இடத்தில் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

"எங்கப்பா பத்திரத்துல சேலம் ஜில்லா, ஓசூர் தாலுக்கா. என் டி.சி.யில தருமபுரி மாவட்டம். என் பையனுக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம், தேன்கனிக்கோட்டை வட்டம். மூணு பேரும் பொறந்தது ஒரே ரூம்ல சார்."

"ஜில்லா மாறினா என்ன மேஷ்ட்ரே, நீங்க மாறலையே" என்பேன்.

"மாறலைன்னு யாருக்குத் தெரியும்? இந்தா, இதுல இத்தனை பேர் தெலுங்கு, இத்தனை பேர் கன்னடம்னு போட்டிருக்கானே. யாரு போய்க் கேட்டது? எந்த பாஷையில கேட்டான்? அதை எழுதலையே!"

இதை அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நான் களியைச் சாற்றில் தோய்த்தபடி தலையாட்டியிருக்கிறேன். ஒரு தடவையாவது காதில் வாங்கியிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

எங்கள் பள்ளியில் கன்னடப் பிரிவு என்பது ஒரு அறை, ஒரு ஆசிரியர், ஒரு கைப்பிடி பிள்ளைகள். வருடா வருடம் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். கொஞ்சம் பேர் வேனில் ஏறி இங்கிலீஷ் பள்ளிக்குப் போனார்கள். தலைக்கணக்கு தேறாவிட்டால் பிரிவை மூடிவிட்டு ஆசிரியரை வேறு எங்காவது அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பணி நிரவல் என்று பெயர். கல்வி ஆண்டு தொடங்குவதற்கு முன் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய், பள்ளி வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், வீட்டில் என்ன மொழி என்று எழுதிவர வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பிரிவு இருக்குமா போகுமா என்று முடிவு செய்வார்கள். ஒவ்வொரு வருடமும் கன்னடப் பிரிவுக்காக மேஷ்ட்ருதான் போவார், நான் தமிழ்ப் பிரிவுக்காகப் போவேன்.

அந்த வருடம் அவருக்குக் கண்ணில் புரை. ஆபரேஷன் முடிந்து பச்சைத் துணி கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தார். போனில் பேசினார்.

"கன்னட வீடுங்களுக்கு நான் போனாத்தான் சரியா இருக்கும் சார். ஒரு வாரம் பொறுக்க மாட்டாங்களா?"

"கடைசித் தேதி முடியுது மேஷ்ட்ரே. நீங்க கண்ணைப் பாருங்க. ஊரையே எனக்குத் தெரியும், நான் பாத்துக்கிறேன்."

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன்.

ஊரின் பழைய தெருக்கள் நான்கு. அதற்கு அப்பால் ரோஜாப் பண்ணைகளில் வேலை செய்கிறவர்களுக்கும் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்களுக்கும் கட்டிய லைன் வீடுகள். ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டினேன். "வணக்கம்மா, பள்ளிக்கூடத்துல இருந்து வர்றேன். வீட்ல என்ன பேசுவீங்க?" என்று கேட்டேன். "தமிழ்தான் சார்" என்றார்கள். அடுத்த கதவு. "தமிழ்தான் சார், உக்காருங்க, காபி குடிக்கிறீங்களா?" அடுத்த கதவிலும் தமிழ்தான்.

இப்போது உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. ஒன்பது வருடமாக பஸ்ஸில், சந்தையில், மருந்துக் கடையில், என்னைச் சுற்றி மூன்று பாஷைகளில் ஜனங்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என்னிடம் பேசும்போது மட்டும் தமிழுக்கு வருவார்கள், பேசி முடித்ததும் என்னை அங்கேயே விட்டுவிட்டுத் தங்கள் பாஷைக்குத் திரும்பிவிடுவார்கள். அன்றைக்கு ஒரு நாள் பூராவும் கதவு கதவாக, நாங்களும் உன் பாஷைதான் என்று சொன்னார்கள். பாராட்டுப் பத்திரம் வாங்குகிறவன் மாதிரி நான் வாங்கிக்கொண்டேன். கன்னடம் என்ற கட்டத்தில் இரண்டு மூன்று பெயர்களைத் தவிர எதுவும் இல்லை. அது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. ஊர் மாறிவிட்டது என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன்.

கடைசித் தெருவில் நீல கேட் போட்ட ஒரு வீடு. கேட்டருகே நின்றபோது உள்ளேயிருந்து ஒரு அம்மாவின் குரல் கேட்டது. "பா இல்லி, கை தொள்கோ." இங்கே வா, கை கழுவு என்று மகளைக் கூப்பிடுகிறாள். அவ்வளவு கன்னடம் எனக்குப் புரியும். நான் செருமினேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் என் கேள்வியைக் கேட்டேன். "தமிழ்தான் சார்" என்றாள், சிரித்த முகத்தோடு.

என் காதால் கேட்டிருந்தேன். இன்னொரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் நாலே முக்கால் பஸ் இருந்தது. அதைவிட, அந்தச் சிரித்த முகம் சொன்னதை எழுதிக்கொள்ள எனக்குப் பிடித்திருந்தது. தமிழ் என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டு மறுநாள் ஹெச்.எம். அம்மாவிடம் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் உத்தரவு வந்தது. கன்னடப் பிரிவுக்குப் போதுமான பிள்ளைகள் இல்லை, ஆசிரியர் உபரி. ஹெச்.எம். அம்மா தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்கள். "நீங்க குடுத்த லிஸ்ட்தான் சார்" என்றார்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

அன்று அறைக்கு வந்தவன் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று கன்னடத்தில் எப்படிக் கேட்பது என்று ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் கேட்டேன். ஒன்பது வருட வாடகையில் நான் அவர்களிடம் கேட்ட முதல் கன்னட வார்த்தை அதுதான். அந்த அம்மா ஆச்சரியப்பட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். "மனேலி யாவ பாஷெ மாத்தாட்தீரா?" படிக்குப் படி நின்று என்னைச் சொல்லவைத்தார்கள்.

சனிக்கிழமை மறுபடியும் அதே தெருக்கள். அதே கதவுகளில் என் ஓட்டைக் கன்னடத்தில் கேட்டேன். ஜனங்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் முகம் மலர்ந்து "கன்னடா சார், கன்னடா" என்றார்கள். நீல கேட் வீட்டு அம்மாவும் அதையே சொன்னாள். பிரிவு பிழைத்துவிட்டது, மேஷ்ட்ரு போக மாட்டார் என்று நினைத்தேன். வேக வேகமாக எழுதினேன்.

மாந்தோப்பு ஓரத்தில் ஒரு வீடு. அந்த வீட்டுப் பெண் என் வகுப்பில் படிக்கிறாள். தம்பியைத் திட்டும்போது தெலுங்கில்தான் திட்டுவாள், எனக்கு நன்றாகத் தெரியும். அவள் அப்பா வெளியே டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பழக்கத்தில் அதே கன்னட வாக்கியத்தைச் சொன்னேன். "கன்னடா சார்" என்றார் அவர், குழாயை நிறுத்திவிட்டு.

நான் பேனாவை எடுத்துவிட்டு அப்படியே நின்றேன். தமிழில் கேட்டேன். "நீங்க தெலுங்குல்ல?"

"ஆமா சார், தெலுங்குதான்."

"பின்ன ஏன் கன்னடம்னீங்க?"

"நீங்க கன்னடத்துல கேட்டீங்களே" என்றார் அவர். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்பது போல என்னையே பார்த்தார். "இஸ்கூல் சாரு நம்ம வீட்டு வரைக்கும் வந்து கேக்கறாரு. நீ வேற, நான் வேறன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஊரில் அதுதான் மரியாதை. கேட்கிறவன் எந்த பாஷையில் கேட்கிறானோ, அந்த பாஷைக்காரர்களாகவே அவனிடம் இருப்பார்கள். எல்லாருக்கும் மூன்றும் வரும், அதனால் யாருக்கும் அது பொய்யாகத் தெரியாது. மேஷ்ட்ரு போனால் கன்னடம், நான் போனால் தமிழ். அந்தக் கையேட்டு அட்டவணை நினைவுக்கு வந்தது. யாரு போய்க் கேட்டது, எந்த பாஷையில கேட்டான்?

அப்புறம் என்ன செய்வது? போன வீடுகளுக்கே மூன்றாவது தடவையாகப் போனேன். இந்தத் தடவை மொழியைக் கேட்காமல், பிள்ளையை எந்த பாஷையில் தூங்க வைப்பீர்கள், எந்த பாஷையில் திட்டுவீர்கள் என்று கேட்டேன். உண்மை வந்தது. கன்னட வீடுகள் பிரிவை நடத்தப் போதுமான அளவு இருந்தன. ஆனால் என் இரண்டாவது பட்டியல் முழுக்க அடித்தல் திருத்தலாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஒரே ஊரு. ஒரே கையெழுத்து. போன மாசம் தமிழ், இந்த மாசம் கன்னடம். நான் மேல என்னன்னு எழுதறது சார்?"

"முதல்ல குடுத்தது என் தப்பு சார்."

"ரெண்டாவது தப்பு இல்லன்னு எப்படி நம்பறது? ஃப்ரெண்டுக்காகச் செய்றீங்கன்னு சொல்ல மாட்டாங்களா?"

அவர் கேட்டது நியாயம். மேஷ்ட்ருவுக்காகத்தான் செய்தேன். பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மேஷ்ட்ரு கடைசி நாள் வந்தபோது கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மதியம் மேடைக்கு வந்தார். டப்பாவைத் திறந்தார், இரண்டு உருண்டைகள் இருந்தன. என்னால் சாப்பிட முடியவில்லை. நீல கேட் வீட்டைப் பற்றிச் சொன்னேன். உள்ளே கன்னடம் கேட்டதையும், கேட்டும் தமிழ் என்று எழுதியதையும் சொன்னேன். பஸ்ஸைக் காரணம் சொல்லவில்லை. எல்லாரும் தமிழ் என்று சொல்வது எனக்குப் பிடித்திருந்தது என்றேன்.

அவர் நெடுநேரம் டப்பாவின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் எப்படி இருந்தது என்று தெரியவில்லை.

"எனக்கு ஒரு போன் பண்ணி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் என் பங்குக் களியை என் தட்டில் வைத்து, சாற்றையும் ஊற்றினார். போகும்போது அந்த பிளாஸ்டிக் கவரை என்னிடம் கொடுத்தார். "எழுத்து இனிமே எனக்குத் தெரியாது சார், பொடி எழுத்து. நீங்க வெச்சுக்குங்க" என்றார். ஆபரேஷன் செய்த கண்ணுக்குப் பொடி எழுத்து முன்னைவிட நன்றாகத்தான் தெரியும். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவருக்குக் கிடைத்த பள்ளி மலைப்பாதையில், இரண்டு பஸ் மாற வேண்டிய இடத்தில் இருக்கிறது. கன்னடப் பிரிவுப் பிள்ளைகளை என் வகுப்பில் சேர்த்தார்கள். அவர்கள் என்னிடம் தமிழில்தான் பேசுகிறார்கள். நான் முதுகைத் திருப்பிக் கரும்பலகையில் எழுதும்போது அவர்களுக்குள் கன்னடம் ஓடும். எழுதி முடித்த பிறகும் சற்று நேரம் அப்படியே நிற்பேன்.

பல மாதங்கள் அவருக்கு நான் போன் செய்யவில்லை. வெட்கம்தான், வேறொன்றுமில்லை. நம்பரை எடுப்பேன், வைத்துவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கதவை யாரோ தட்டினார்கள். ஏதோ கணக்கெடுப்பு. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு டீச்சரம்மா நின்றார்கள். வெயிலில் நடந்து வந்த களைப்பு. தண்ணீர் கொடுத்தேன். அந்தப் பழைய டம்ளரில்தான்.

"வீட்ல எத்தனை பேர் சார்?"

"நான் ஒருத்தன்தாம்மா."

"வீட்ல பேசற மொழி?"

எத்தனை கதவுகளில் இதே கேள்வியைக் கேட்டிருப்பேன்! அந்த அறையில் நான் கடைசியாக எப்போது வாய்விட்டுப் பேசினேன் என்று யோசித்தேன். மகளோடு பேசுவதுகூட மொட்டை மாடியில்தான், உள்ளே சிக்னல் கிடைக்காது.

"யார்கிட்டம்மா பேசறது?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த அம்மா சங்கடப்பட்டார்கள். "ஏதாவது ஒண்ணு போட்டாத்தான் சார் அடுத்த கேள்விக்குப் போகும்."

"தமிழ்னு போடுங்கம்மா" என்றேன். அவர்கள் தமிழில்தானே கேட்டார்கள்.

அவர்கள் போனதும் மொட்டை மாடிக்கு ஏறினேன். கொடியில் பக்கத்து அறைக்காரர்களின் கம்பெனி யூனிஃபார்ம்கள் காய்ந்துகொண்டிருந்தன. மேஷ்ட்ருவின் நம்பரை அழுத்தினேன். எடுத்தார். "சார்!" என்றார். அவர் தமிழில் அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"மேஷ்ட்ரே, ஊட்டா ஆய்த்தா?"

சாப்பிட்டாயிற்றா என்று கேட்டேன். அப்புறம் அவர் பேச ஆரம்பித்தார், கன்னடத்தில். அப்படி ஒரு வேகத்தை அவரிடம் நான் கேட்டதே இல்லை. என்னோடு பேசிய மேஷ்ட்ரு நிதானமான மனிதர், வார்த்தை வார்த்தையாக எடுத்து வைப்பவர். இவர் நடுவில் தானே சிரித்தார், யாரையோ நடித்துக் காட்டினார், நாக்கைச் சப்புக்கொட்டினார். பஸ் என்று புரிந்தது, கண் என்று புரிந்தது, பிள்ளைகள் என்று புரிந்தது. மீதி புரியவில்லை. ஒன்பது வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதரை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். எனக்காக எத்தனை வருடம் அவர் இந்தக் குரலை விட்டுக்கொடுத்திருக்கிறார்! நடுவில் நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. அவர் மூச்சு வாங்கும் இடமெல்லாம் "ஹௌது, ஹௌது" என்று ஆமாம் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஏதோ கேள்வி கேட்டார். குரல் தணிந்திருந்தது. அதற்கும் "ஹௌது" என்றேன்.

அவர் மெதுவாகத் தமிழுக்கு வந்தார்.

"சார், நான் கேட்டது புரிஞ்சு சொல்றீங்களா, இல்ல எங்க ஊர் ஜனங்க மாதிரி மரியாதைக்குச் சொல்றீங்களா?"

"என்ன கேட்டீங்க மேஷ்ட்ரே?"

"இப்பவும் தனியாத்தான் சாப்பிடறீங்களான்னு கேட்டேன்."

"அப்ப சரியாத்தான் சொல்லிருக்கேன்" என்றேன்.